ரிக்‌ஷா மிஸ்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை பேனாவைப் பிடித்ததைவிட ஹேண்டில்பாரைப் பிடித்ததுதான் அதிகம். பேனாவையும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறேன் போலிருக்கிறது, எழுதியதெல்லாம் தாளின் பின்பக்கம் புடைத்துக்கொண்டு தெரிகிறது. ரெண்டு சுழி ன எங்கே வரும், மூன்று சுழி ண எங்கே வரும் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்த வேண்டாம். தலைப்பில் ரிக்‌ஷா மிஸ் என்று எழுதியிருக்கிறேன். அது எழுத்துப்பிழை இல்லை.

இப்போது நான் முடிச்சூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். கீழ்த்தளத்தில் ஒரு பிளே ஸ்கூல் இருக்கிறது. மே மாதம் வந்தால் அங்கே சம்மர் கேம்ப். காற்றடித்த நீலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் குழந்தைகளை உட்காரவைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் துடைத்து உள்ளே அழைத்துக்கொள்வார்கள். கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான் என் வேலை, மற்றதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. இந்த வருஷம் கேம்ப் தொடங்கிய வாரம், ஈரத் தலையோடு ஒரு பெண் குழந்தை ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், தண்ணி!"

பின்னால் வந்த பையன் கைகொட்டிச் சிரித்தான். "ஏய், அவர் மிஸ் இல்ல! வாட்ச்மேன் அங்கிள்!"

அவளும் நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அன்று மிச்சப் பொழுது எந்த வண்டிக்குக் கேட்டைத் திறந்தேன், எதற்குத் திறக்கவில்லை என்று எனக்கே தெரியாது. இரண்டு பேர் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். என்னை ஒரு குழந்தை அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கிழக்குத் தாம்பரத்தில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டிக்கொண்டிருந்தேன். சேலையூர் போகும் வழியில், ஓடு வேய்ந்த ஒரு பெரிய வீட்டில் நர்சரி ஸ்கூல் ஒன்று நடந்தது. அந்தக் குழந்தைகளை ஏற்றி இறக்குவதுதான் என் முக்கியச் சவாரி. வண்டியில் எதிரும் புதிருமாக இரண்டு பலகை. பக்கவாட்டுக் கொக்கிகளில் புத்தகப் பைகளும் ஒயர் கூடைகளும் தொங்கும். வாட்டர் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வரும். நான் மணி அடிக்க வேண்டிய தேவையே இருக்காது.

நர்சரியை நடத்தியவர் ஒரு வயதான அம்மா, பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வெள்ளைப் புடவையில் போவார், மற்ற நாட்களில் கழுத்தில் விசில் தொங்கும். எல்லாருக்கும் அவர் பெரிய மிஸ். அவருக்குத் துணையாக ஒரு இளம் டீச்சர், அவர் சின்ன மிஸ். சமைத்து, கழுவிவிடுகிற ஆயாவைக்கூடக் குழந்தைகள் ஆயா மிஸ் என்றுதான் கூப்பிட்டன. அது பெரிய மிஸ் போட்ட சட்டம். யாராவது ஒரு குழந்தை "அம்மா" என்று ஆரம்பித்தால் போதும், மற்ற குழந்தைகளுக்கும் வீட்டு ஞாபகம் வந்து வரிசையாக அழத் தொடங்கிவிடும். அதனால் அந்த வாசலுக்குள் அம்மா என்ற சொல்லே கிடையாது. இருப்பவர்கள் எல்லாரும் மிஸ்.

சாயங்காலம் வீடு வீடாக இறக்கிவிடும்போது குழந்தைகள் பழக்கதோஷத்தில் எனக்கும் ராகம் போட்டுச் சொல்லும்: "தேங்க்யூ மிஸ், குட் ஈவினிங் மிஸ்!" முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் யாரிடமும் அதிகம் பேசாதவன். பெண்கள் எதிரே வந்தால் வண்டியை ஓரம் கட்டித் தலையைக் குனிந்துகொள்கிறவன். என்னைப் போய் மிஸ் என்கிறதே என்று இருக்கும். ஆனால் திருத்தவில்லை. திருத்துவதற்கும் வாயைத் திறந்து பேச வேண்டுமே.

ஸ்டேஷன் பக்கத்து ரிக்‌ஷா ஸ்டாண்டில் இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு பேரே இல்லை.

"இன்னா மிஸ்ஸு, ஸ்கூல் வுட்டாச்சா?"

"பொடவ எங்க, தொவைக்கப் போட்டுக்கினியா?"

"மிஸ்ஸுக்கு ஒரு டீ போடுப்பா. சக்கரை தூக்கலா!"

நான் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிடுவேன்.

ஏப்ரல் கடைசியில் மற்றப் பள்ளிக்கூடங்கள் மூடினால் பெரிய மிஸ் மட்டும் மூடமாட்டார். தெருவில் பாதிப் பெண்கள் வேலைக்குப் போகிறவர்கள். ஆஸ்பத்திரி நர்ஸ், டெலிபோன் ஆபீஸ், துணி தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனி. லீவு விட்டால் குழந்தையை எங்கே விடுவார்கள்? அதனால் மே மாதம் முழுக்க அங்கே லீவு ஸ்கூல். பாடம் கிடையாது, புத்தகப் பை கிடையாது. ஒரு துண்டும் மாற்று ஜட்டியும் கொண்டுவந்தால் போதும். எனக்கு மற்றச் சவாரி குறைவு என்பதால் பகலில் அங்கேயே இருந்து கூடமாட வேலை செய்யச் சொன்னார். நானும் இருந்தேன். என் ஆயுளில் அதைப் போன்ற மாதங்கள் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

காலையில் வேப்பமரத்தடியில் தண்ணீர் தெளித்துவைப்பேன். குழந்தைகள் வந்ததும் அந்த ஈரமண்ணில் உட்கார்ந்து வேப்பம்பழத்தைப் பொறுக்கி எண்ணும். எண்ணியதைத் தின்றுவிட்டு, குறைகிறது என்று அழும். நுங்குக்காரர் தலையைக் கண்டால் பெரிய மிஸ் விசில் ஊதுவார். சுளையைத் தின்ற பிறகு, மட்டைகளைக் குச்சியில் கோத்து நான் உருட்டு வண்டி செய்து கொடுப்பேன். மத்தியானத்துக்கு முன்னால் சிமெண்ட் தொட்டியில் குளியல். ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கி உள்ளே விடும்போது பக்கத்து ஏர்போர்ஸ் தளத்து விமானம் தாழ்வாகப் போகும். அத்தனை பேரும் அம்மணமாக நின்று அண்ணாந்து கையாட்டுவார்கள். அப்புறம் கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம். ஓட்டுக்கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு இருக்கும். அதிலிருந்து விழும் வெயில் மெதுவாகக் குழந்தைகள்மேல் நகர்ந்து போகும்.

தண்ணீர் லாரி வரும் நாளில் தெருவே சண்டை போடும். குடத்தை வைத்து ஒருத்தி இன்னொருத்தியின் ஏழு தலைமுறையை இழுப்பாள். ஆனால் நான் நர்சரிக் குடங்களை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனால் சண்டை நின்றுவிடும்.

"ஏய், தள்ளுங்கடி! கொயந்தைங்க தொட்டிக்கு மொதல்ல வுடு! அப்பால நம்ம பஞ்சாயத்த வெச்சிக்கலாம்."

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலிருந்து நீர்மோர் வரும். நர்ஸ் அம்மா குளுக்கோஸ் டப்பா கொண்டுவந்து தருவார். யார் வீட்டு மாமரத்தில் கல் எறிந்தாலும் நர்சரிப் பங்கு என்று நாலு காயை எடுத்துவைப்பார்கள். அந்தக் குழந்தைகள் அந்தத் தெருவுக்கே சொந்தம் என்பது போல இருக்கும்.

சின்ன மிஸ்ஸைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். ஊர் விழுப்புரம் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் தண்டவாளத்தைத் தாண்டும்போது அடிபட்டு இறந்துபோனார். அப்போது குழந்தைக்கு ஒரு வயது. நான் சொல்கிற கோடையில் அந்தக் குழந்தைக்கு மூன்றரை வயது. பாப்பா என்றே இங்கே எழுதுகிறேன். சின்ன மிஸ் சீக்கிரமே போய் நர்சரியைத் திறக்க வேண்டும் என்பதால், பாப்பா பக்கத்து வீட்டிலிருந்து என் வண்டியில் வருவாள். முன்பக்கக் கம்பியில் நான் பொருத்திய குட்டி சீட்டில்தான் உட்காருவாள். அந்த இடத்தை வேறு யாருக்கும் விடமாட்டாள்.

நர்சரிக்குள் நுழைந்தால் சொந்த அம்மாவையே அவள் மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். சட்டம் சட்டம்தான். ஆரம்பத்தில் அழுதாளாம். பிறகு பழகிவிட்டாள். அதனால் மற்றக் குழந்தைகள் மிஸ் என்று சொல்வதற்கும் பாப்பா சொல்வதற்கும் வித்தியாசம் இருந்தது. அவளுக்கு மிஸ் என்றால் அம்மாவின் இன்னொரு பேர். அந்தப் பேரால் அவள் என்னைக் கூப்பிட்டாள். கீழே விழுந்தால் "மிஸ்ஸு" என்று அழுதுகொண்டு வருவாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே இருந்தால் யார் கிட்டத்தில் நிற்கிறாரோ அவர் காலைக் கட்டிக்கொள்வாள்.

இன்னொரு சங்கதி. அந்தத் தெருவில் எல்லாப் பெண்களும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பெரியவர்களும் "ரிக்‌ஷாக்கார அண்ணா" என்பார்கள். அது ஒரு மரியாதை, ஒரு வேலியும்கூட. சின்ன மிஸ் மட்டும் கூப்பிட்டதில்லை. வருஷத்துக்கு மேல் பழக்கம், ஒரு தடவைகூட அண்ணா என்றதில்லை. ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பார். தூரத்தில் இருந்தால் "ஏங்க". இதை நான் எப்போது கவனிக்கத் தொடங்கினேன் என்று தெரியாது. கவனிக்கத் தொடங்கிய பிறகு வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

ஸ்டாண்டிலும் ஒருத்தன் கவனித்துவிட்டான்.

"டேய், நம்ம மிஸ்ஸப் பாத்து அந்தச் சின்ன மிஸ்ஸு ஏங்கன்னு கூப்புடுதாம்டா!"

"நெசமாவா? ஏங்கன்னா இன்னா அர்த்தம் தெரியுமா மச்சான்?"

"ஒண்ணியும் இல்லப்பா," என்றேன். "வண்டிய ஓரமா நிறுத்துங்கன்னு சொல்லத்தான் கூப்டாங்க."

"நிறுத்துங்க! பாத்துக்கினியா, அதுலயும் ஒரு ங்க கீது!"

எல்லாரும் சிரித்தார்கள். அங்கே இருந்த மூத்த ரிக்‌ஷாக்காரர் மட்டும் பீடியை அணைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணான்னு கூப்ட்டாங்களா உன்னிய?"

"இல்ல."

"கூப்புடாத வரைக்கும் லைன் கிளியர்தான். கூப்ட்டுட்டா அவ்ளோதான், சிவப்பு வுழுந்துச்சுன்னு வெச்சுக்கோ. பொம்பளைங்க வாயால சொல்றது அந்த ஒரே சொல்லுதான்."

அன்றிலிருந்து எனக்கு அதே பயம். காலையில் வண்டியை வாசலில் நிறுத்தும்போது சின்ன மிஸ் வெளியே வருவார். வாயைத் திறப்பார். "இந்தாங்க, இந்தக் குடத்தக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். அப்பாடா என்றிருக்கும்.

அந்த மே மாதத் தொடக்கத்திலேயே ஒரு நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னார், "எங்க அண்ணன் ஊருக்கே வந்துடுன்னு சொல்லிட்டே இருக்காரு. அங்கயே ஒரு ஸ்கூல்ல வேலை சொல்லி வெச்சிருக்காராம். ஜூன்ல ஸ்கூல் தொறக்கும்போது நான் இங்க இருப்பேனோ என்னவோ."

நான் தேங்காய் நாரால் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கயே எவ்ளோ தேய்ப்பீங்க? சிமெண்ட் பேந்துடப் போவுது," என்று சிரித்தார்.

லீவு ஸ்கூலில் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது ரயில் பார்க்கப் போவது. ரயில்வே கேட் வரைக்கும் ரிக்‌ஷாவில் இரண்டு நடை அடிப்பேன். ஒரு முறை பெரிய மிஸ்ஸுக்கு முட்டிவலி என்று சின்ன மிஸ் வந்தார். அவர் அதுவரை அந்தப் பக்கம் வந்ததே இல்லை. கேட் மூடியிருந்தது. குழந்தைகள் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. சின்ன மிஸ் ரிக்‌ஷாவிலேயே உட்கார்ந்திருந்தார், முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் வண்டியை மெதுவாகத் திருப்பி, தண்டவாளத்துக்கு முதுகு காட்டி நிறுத்தினேன். அவருக்கு எதிரே இப்போது ஒரு டீக்கடையும் ஒரு ஆட்டுக்குட்டியும்தான். ரயில் கத்திக்கொண்டு போனது. குழந்தைகள் அதைவிடச் சத்தமாகக் கத்தின.

சத்தம் அடங்கியதும் கேட்டார், "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கொஞ்ச நேரம் ஆட்டுக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்றார்.

"அஞ்சாவது."

"போதும். நான் பன்னெண்டாவது படிச்சேன், என்ன ஆச்சு? தினம் அணில், ஆடு, இலைன்னுதான் சொல்லிட்டு இருக்கேன். நீங்க என்னைவிட நாலு கிளாஸ் மேல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஒரு பெண் முன்னால் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் முறை.

திரும்பி வரும்போது பாப்பா கம்பி சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாள். ஏதோ பெரிய கணக்குப் போடுகிற முகம்.

"மிஸ்ஸு. ஸ்கூல்ல அம்மா மிஸ்ஸுதான?"

"ஆமா."

"வீட்டுக்குப் போனா மிஸ்ஸு அம்மா."

"ஆமா."

"நீ ஸ்கூல்ல மிஸ்ஸு. வீட்டுக்குப் போனா நீ யாரு?"

எனக்குப் பெடல் மிதிக்க வரவில்லை. பின்னால் பலகையில் சின்ன மிஸ் இருக்கிறார். கேட்டிருப்பார், கேட்காமல் இருக்க முடியாது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அண்ணன்னு சொல்லுடி", "மாமான்னு சொல்லுடி" என்று எந்தத் தாயும் அந்த இடத்தில் சட்டென்று சொல்லிவிடுவாள். நான் காது இரண்டையும் பின்பக்கம் வைத்துக்கொண்டு ஓட்டினேன். அவர் சொல்லவில்லை. வாட்டர் பாட்டில்கள்தான் இடித்துக்கொண்டு வந்தன.

மே மாதக் கடைசி சனிக்கிழமை லீவு ஸ்கூல் முடியும். அன்றைக்குச் சாயங்காலம் விழா. சர்ச்சிலிருந்து பெஞ்சுகளை என் ரிக்‌ஷாவில்தான் கட்டிக் கொண்டுவந்தேன். கோயிலில் மைக் செட் கொடுத்தார்கள். சுண்டல், ரோஸ்மில்க், குழந்தைகளின் பாட்டு. நடுவில் பாட்டை மறந்து ஒரு பையன் மேடையிலேயே ஒன்றுக்குப் போனான், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். கடைசியில் அப்பா ரேஸ். அப்பாக்கள் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வேப்பமரத்திலிருந்து கேட் வரை ஓட வேண்டும். போன வருஷம் அந்த நேரத்தில் பாப்பா அம்மாவின் புடவைக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன்.

இந்த வருஷம் அவள் நேரே போய்க் கோட்டில் நின்றுகொண்டாள். தனியாக. அப்பாக்கள் எல்லாம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மிஸ் மைக்கில், "பாப்பாவை யாரு தூக்குறீங்க?" என்றார். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா, "நம்ம ரிக்‌ஷாக்கார அண்ணா இருக்காரே! டீச்சர், அண்ணாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

நான் மைக் செட் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சின்ன மிஸ் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார். தெருவே பார்க்கிறது. அண்ணா என்று கூப்பிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. கூப்பிட்டால் யார் வாயும் அடங்கும், அவருக்கும் நல்லது. எனக்கே அது தெரிந்தது. அவர் என் எதிரில் வந்து நின்றார்.

"இந்தாங்க," என்றார். "கெட்டியாப் பிடிச்சுக்கோங்க."

பாப்பாவை என் தோளில் ஏற்றினேன். விசில் ஊதினார்கள். நான் ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். பாப்பா என் இரண்டு காதையும் பிடித்துத் திருகி, "டிரிங் டிரிங், ஓரம் போ! ஓரம் போ!" என்று கத்தினாள். நான் ரிக்‌ஷாவில் சொல்வது அது. பாதி வழியில் ஒரு கோழி குறுக்கே வந்தது. "மிஸ்ஸு, பிரேக்கு!" என்றாள். நின்றுவிட்டேன். கோழி போன பிறகுதான் கிளம்பினோம். கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. பாப்பா மட்டும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைத்துக் கைகளைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே ஒருவர் சூட்கேசோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஓடி வந்த சின்ன மிஸ் அவரைக் கண்டதும் நின்றார்.

"அண்ணா! எப்பண்ணா வந்தே?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். எவ்வளவு தாராளமாக வந்தது. இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அந்த அண்ணன் நல்ல மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். என் கையைப் பிடித்து, "பாப்பாவ நல்லாப் பாத்துக்கிறீங்கன்னு தங்கச்சி சொல்லுச்சு. பெரிய உபகாரம்" என்றார். தோளிலிருந்து பாப்பாவை வாங்கிக்கொண்டார். தோள் திடீரென்று காற்றாக இருந்தது.

பெஞ்சுகளை அடுக்கும்போது பெரிய மிஸ் பக்கத்தில் வந்தார். "தம்பி, நான் பேசிப் பார்க்கட்டுமா?"

"என்ன மிஸ்?"

"என்னன்னு கேக்காதே. எனக்குக் கண்ணு இருக்கு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பேசினார். மறுநாள் சர்ச் முடிந்து நேரே என் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார், அந்த வெள்ளைப் புடவையோடு. ஸ்டாண்டில் எல்லாரும் பீடியை மறைத்துக்கொண்டார்கள்.

"அவங்க அண்ணன்கிட்ட பேசினேன். நல்லவர்தான். ஆனா ஊர்ல நாலு பேரு, அதுவும் இல்லாம வேற ஆளுங்கன்னு ஆரம்பிக்கிறார். நான் ஜெபம் பண்ணிட்டுத்தான் பேசினேன் தம்பி. நாளைக்குக் கிளம்புறாங்க."

"அவங்க என்ன சொன்னாங்க மிஸ்?" இதைக் கேட்க எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"அவ வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அண்ணன் ஒருத்தர்தான் அவளுக்கு மிச்சம். அவரை விட்டுட்டு என்ன சொல்வா? தலையைக் குனிஞ்சு பாப்பா சட்டையை மடிச்சுக்கிட்டே இருந்தா."

திங்கட்கிழமை அவர்களை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனது என் வண்டிதான். வேறு வண்டி வைக்கலாம் என்று அண்ணன் சொன்னாராம். பாப்பா கம்பி சீட்டில்தான் வருவேன் என்று அடம்பிடித்தாளாம். டிரங்குப் பெட்டியை நான் பிளாட்பாரம் வரை தூக்கிப் போய் ஏற்றினேன். சின்ன மிஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே தண்டவாளம் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. இந்த வண்டியை நான் திருப்பி நிறுத்த முடியாது. அவர் வெளியே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

சிக்னல் விழுந்தது. அண்ணன் பாப்பாவை ஜன்னலில் நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"டாட்டா சொல்லும்மா."

"மிஸ்ஸு, டாட்டா!"

அண்ணன் சிரித்தார். "ஆம்பளைய போயி மிஸ்ஸுங்கிறியே. மாமான்னு சொல்லு. மாமா டாட்டா."

தாயின் கூடப் பிறந்தவன்தான் குழந்தைக்கு மாமா. அவர் வேண்டுமென்றே சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. பாப்பா அவரைத் திரும்பிப் பார்த்து அதட்டினாள்.

"மாமா நீதான! இது மிஸ்ஸு!"

"தப்பு கண்ணு. அப்படிச் சொல்லக் கூடாது. எங்க, மாமான்னு சொல்லு."

அப்போது சின்ன மிஸ் பேசினார். சத்தமாக இல்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

"விடுண்ணா. அவ சரியாத்தான் சொல்றா."

வண்டி நகர்ந்துவிட்டது. பாப்பாவின் கை ரொம்ப தூரம் வரை ஆடிக்கொண்டிருந்தது. சின்ன மிஸ்ஸின் கை ஜன்னல் கம்பியில் இருந்தது, ஆடவில்லை.

ஸ்டாண்டுக்குத் திரும்பினால் அன்றைக்கு யாரும் கிண்டல் செய்யவில்லை. மூத்தவர் ஒரு டீயை என் கையில் கொடுத்தார். "கடசீல அண்ணான்னுச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சொல்லியிருந்தா ஒனக்கு நல்லதுடா," என்றார்.

அவர் சொன்னது சரி. சொல்லியிருந்தால் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் மறந்திருப்பேன். சிவப்பு விழுந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிவிடலாம். எனக்குச் சிவப்பு விழவே இல்லை. பச்சையும் விழவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மூன்று கோடை லீவு ஸ்கூல் நடந்தது. குட்டி சீட்டைக் கழற்றாமலே வைத்திருந்தேன், அதில் வேறு குழந்தையை உட்காரவைக்கவில்லை. பெரிய மிஸ் காலமான பிறகு அந்த வீட்டை இடித்துப் பிளாட் கட்டினார்கள். ரிக்‌ஷாவும் போய்விட்டது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு நேரம் அமையவில்லை என்று சொல்லிவிடுவேன். விழுப்புரம் என்று போர்டு போட்ட பஸ் பெருங்களத்தூரில் நின்றால், உட்கார்ந்திருப்பவர்களை ஒரு முறை பார்க்கத்தான் தோன்றும். பாப்பாவுக்கு இப்போது பாப்பா இருக்கும்.

இந்தக் கேட்டில் நாள் முழுக்க என்னைக் கூப்பிடுகிறார்கள். காரில் வருகிற பெண்கள் அண்ணா என்பார்கள், அவர்கள் பிள்ளைகள் அங்கிள் என்பார்கள். எல்லாருக்கும் திறக்கிறேன். சில சமயம் யோசித்துப் பார்ப்பதுண்டு: ஒரு நாள் சின்ன மிஸ் இந்தக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றால் என்னை என்னவென்று கூப்பிடுவார்? இத்தனை வயதுக்குப் பிறகு அண்ணா என்று கூப்பிட்டாலும் தப்பில்லை. ஆனால் கூப்பிடமாட்டார். கையில் என்ன இருந்தாலும் அதை நீட்டி "இந்தாங்க" என்றுதான் சொல்வார்.

சம்மர் கேம்ப் இன்றோடு முடிந்தது. நீலத் தொட்டியைக் கவிழ்த்துக் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். தண்ணீர் கேட்ட அந்தக் குழந்தை போகும்போது திரும்பி, "டாட்டா அங்கிள்" என்றாள். சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். நானும் கையை ஆட்டினேன்.

மே மாதம், கடைசி சனிக்கிழமை.